அடித்துக் காட்டிய ஹெல்மெட்

பைபாஸ் ஓரம் ஹெல்மெட் விற்கிறவன் ஒன்றை எடுத்துத் தார் ரோட்டில் ஓங்கி அடித்தான். உடையவில்லை.

"பாத்தீங்களா பெரியவரே? கம்பெனி சரக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரையே இருக்கு."

முத்திரையை எவன் வேண்டுமானாலும் ஒட்டுவான். அதற்குள் என் மகள் தவமணி குவியலிலிருந்து ஒரு சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தலையில இருக்கறத அடிச்சுக் காட்டு" என்றேன்.

"கீறல் விழுந்தா அப்புறம் யாரு வாங்குவா?"

"நான் வாங்குறேன். இல்லாட்டி நீ அடிச்சதையே குடு."

அவன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "இது விக்கிறதுக்கில்ல. நான் போட்டுட்டுப் போறது."

"அப்ப உன் தலை மட்டும் தலை, என் மக தலை பூசணிக்காயா?"

தவமணிக்கு வெட்கமாகிவிட்டது. "சும்மா இருப்பா, மில்லுக்கு நேரமாகுது" என்று வண்டியைக் கிளப்பினாள். லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன.

அவன் அவளையே பார்த்தான். "தெனமும் இந்த ரோட்டுலதான் போறியாம்மா?"

"ஆமாண்ணே."

குனிந்து சாவியைத் திருகி வண்டியை அணைத்தான். "அதக் கழட்டிக் குடும்மா" என்று ஒரு கையை நீட்டினான். மறு கையில் அவனுடையது இருந்தது.