ஆறு பாதாம்

"எல்லாரும் போர்டைப் பார்த்து அப்படியே எழுதுங்க. சொந்த மூளையை யாரும் உபயோகிக்க வேண்டாம்!"

காலைக் கூட்டத்தில் கையைத் தட்டிச் சொன்னார் பிரிவுத் தலைவர் குராமொச்சி.

ஜப்பானில், தொயாமாவில் ஒரு பூட்டுத் தொழிற்சாலை. பேக்கிங் பிரிவில் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். வருடாந்தர உடல்நலப் படிவம் வந்திருந்தது. முதல் பக்கம், என்ன சாப்பிடுகிறீர்கள்? அடுத்த பக்கம், மனசு எப்படி இருக்கிறது? சாப்பாட்டிலிருக்கும் இரும்பு, மெக்னீசியம், துத்தநாகத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம்.

போர்டில் குராமொச்சி தன் கையாலேயே மாதிரி நிரப்பியிருந்தார். தினமும் சிப்பி சூப். தினமும் ஹிஜிகி கடற்பாசி. செவ்வாய், வெள்ளி ஆறு பாதாம். அழுகை வருமா? வராது. தூக்கம்? நன்று.

"பேரே எழுத வேண்டாம்னு போட்டிருக்கே சார். உண்மையையே எழுதிட்டா என்ன?" என்றான் சகாகி.

"எழுதேன். போன வருஷம் பெயின்ட் பிரிவுல ஒருத்தன் எழுதினான். அந்தத் தலைவரை மேலே கூப்பிட்டு மூணு நாள் 'அக்கறையா' விசாரிச்சாங்க. என்னையும் அனுப்பி வைக்கணும்னு ஆசையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மினோவா ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாள்.

மூன்று வாரமாக அவளுக்குக் காரணமே இல்லாமல் அழுகை. பார்சல் டேப் கிழிகிற சத்தம் போதும், கண் நிறைந்துவிடும். மதியச் சாப்பாடு என்பது மெஷினில் விழும் ஒரு டின் காபி. யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. 'அடிக்கடி அழுகிறேன்' என்ற கட்டத்தின் மேல் பேனா போய் நின்றது.

"என்னம்மா மினோவா, பரீட்சையா எழுதுறே? போர்டைப் பாரு!"

'வராது' என்பதில் டிக் அடித்தாள்.

பத்து நாள் கழித்து தொழிற்சாலை நர்ஸ் தொகிவா காலைக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க பிரிவுல பதினோரு பேருக்குக் கவலைங்கிறதே கிடையாது. பதினோரு பேரும் செவ்வாய், வெள்ளி சரியா ஆறே ஆறு பாதாம். நீங்க சாப்பிடற சிப்பியைப் பார்த்தா, நம்ம பூட்டைவிட உங்க உடம்புலதான் இரும்பு அதிகம் இருக்கும்."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பன்னிரண்டாவது ஆள்தான்..." தொகிவாவின் குரல் இறங்கியது. "மூணு வேளையும் கப் நூடுல்ஸ். தூக்கம் இல்லை. தினமும் காரை நிறுத்திட்டு, உள்ளே வரப் பிடிக்காம அழுதுட்டு இருக்கேன்னு எழுதியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். மதியம் என் அறைக்கு வாங்க. பேசலாம்."

அவர் போனதுதான் தாமதம், குராமொச்சி வெடித்தார்.

"யாரு வேலை இது? போர்டைப் பார்த்து எழுதக்கூடவா தெரியலை?"

"சத்தியமா நான் ஆறு பாதாம்தான் எழுதினேன் சார்!" என்றான் சகாகி.

பார்வைகள் ஒவ்வொன்றாக மினோவாவின் பக்கம் திரும்பின. அதிகம் பேசாதவள்தானே. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நம்மில் ஒருவருக்குத் தைரியம் இருந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுதியே காட்டியிருக்கும்போது நான் ஏன் வாயால் சொல்லக் கூடாது?

மதிய மணி அடித்ததும் நர்ஸ் அறைக்கு ஓடினாள். தட்டியவள், பதில் வருமுன்பே கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே, மடியில் நர்ஸ் கொடுத்த ஹிஜிகிக் கிண்ணத்தோடு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார் குராமொச்சி.

தொகிவா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ... நீ ஏம்மா வந்தே? போர்டைப் பார்த்துத்தானே எழுதினே?"

"அப்படியே எழுதினேன் சார். அதனாலதான் வந்தேன்."

குராமொச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"எல்லாருக்கும் போர்டுல எழுதிப் போட்டுட்டு, நான்தாம்மா அதைப் பார்த்து எழுத மறந்துட்டேன்."