கதவிடுக்கில் ஒரு கால்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு சாத்தாமல் நிற்கிறது. டென்மார்க்கிலிருந்து திரும்பிய சேவியர் அதன் இடுக்கில் காலை நீட்டியிருக்கிறார். உள்ளே அவர் மனைவி அன்புக்கரசி நிலக்கோட்டையில் இருக்கும் தன் தாயிடம் போனில் பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமே! வெளியே காத்திருக்கும் எங்களுக்குப் பிரசங்கம். “சுதந்திரம்னா அந்த நாடுதாம்ப்பா. யார்ட்ட பேசுறேன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்.” அங்கே கோழிகூடச் சேவலைக் கேட்டு முட்டையிடுவதில்லையாம். நான் பயபக்தியோடு தலையாட்டுகிறேன். பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன. அவள் “நல்லாருக்கேம்மா” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பிறகு ரிசீவரைப் பொத்துகிறாள். “காலச் செத்த எடுங்க. அம்மாட்ட தனியாப் பேசணும்.” “எனக்குத் தெரியாம என்னடி பேச்சு?” அவள் கதவை வெடுக்கென்று இழுக்கிறாள். டென்மார்க் செருப்பை உள்ளே விட்டுவிட்டுக் கால் மட்டும் தப்பி வருகிறது. அவர் ஒற்றைக்காலில் தத்துகிறார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடுகள் ஓயாமல் அசைகின்றன.