பச்சைச் சளி

தவசீலன் பொகவந்தலாவை பஜாரில் பென்டிரைவில் ஏத்திக்கொண்டு வருகிற படங்களைக் கண்டாலே அவன் பெண்சாதி புஷ்பலீலாவுக்குக் குமட்டும். எவனோ பெரிய கம்பெனிக்காரன் எடுத்து நன்றாக ஓடிய விண்வெளிப் பேய்ப் படத்தைப் பார்த்து, காசில்லாதவன் எடுத்த வாந்தி. ராக்கெட் என்றால் தகரம். பேய் என்றால் ரப்பர் மூஞ்சி, வாயெல்லாம் பச்சைச் சளி.

"சீ, ஞாயித்துக்கெழம ஒருநாள் நிம்மதியா சோறு திங்க விடுறீங்களா? நிப்பாட்டுங்க அந்தக் கருமத்த!" தட்டைத் தள்ளி வைத்தாள்.

டீவியில் பேய் ராக்கெட்காரர்களின் கண்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு கையாலும் கிள்ளி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசியது. முதுகில் கூடை மட்டும்தான் இல்லை. வீசிய கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தது.

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அப்படி மோந்து பார்க்கிறவள் மலையில் ஒருத்திதான் இருந்தாள். புஷ்பலீலாவுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுத்த தவசீலனின் அக்கா இசபெல். போன வருஷம் குளவி கொட்டிச் செத்துப்போனாள்.

பேயின் முகம் கிட்டே வந்தது. கண் மூடிப்போகிற அளவுக்கு வீங்கிய முகம். ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கிக் காட்டிய அதே முகம்.

"என்னங்க, இது நம்ம மதினி..."

"எல்லாப் படத்துலயும் வருது," என்றான் தவசீலன், கண்ணெடுக்காமல்.

பேய் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இன்னொரு கண்ணைக் கிள்ளி வீசியது.

புஷ்பலீலா தள்ளி வைத்த சோற்றின் மேல் ஒரு கொழுந்து வந்து விழுந்தது, சளி சொட்டச் சொட்ட.