முதல் ஓலைக்கு முந்தின நாள்

“நாளைக்கு முதல் ஓலை. அதுக்கு முந்தி ஒரு காரியம் தெளிவாகணும்” என்றார் ஜஸ்டஸ்.

அப்போது அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் யேசுதாசன், பர்மாவிலிருந்து வரும் வழியில் இறந்துபோன அவர் தம்பி சுந்தரராஜின் மனைவி நேசபாய், அவள் மகளான கல்யாணப் பெண் லீலாபாய், மாப்பிள்ளையின் தகப்பனார் ஜஸ்டஸ், ஜஸ்டஸின் அக்காள் பூங்கனி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கட்டிக்கொடுக்கிறோம் என்று போதகர் சபையின் முன் ஓலை வாசிப்பார். தடை சொல்ல நினைப்பவர்கள் எழுந்து சொல்லலாம். இரணியலில் யேசுதாசன் குடும்பத்து ஓலைக்கு அதுவரை ஒருவரும் எழுந்ததில்லை.

“என்ன காரியம்?” என்றார் யேசுதாசன்.

பூங்கனி காப்பியைத் தொடாமல் தள்ளி வைத்தாள். “அஞ்சுகிராமத்துல ஒருத்தரு. ரங்கூன்ல குண்டு போட்டப்போ உங்க ஆட்கள் கூட நடந்து வந்தவராம். சுந்தரராஜும் அவரு பிள்ளையும் வழியிலயே பேதியில போயாச்சுன்னு சொல்லுகாரு. அப்போ இது யாரு?”

“செத்தவன் யாரு, கிடக்கவன் யாருன்னு தெரியாம நடந்த வழி அது. அவன் பேச்சத் தூக்கிட்டு வந்துட்டியளா?”

“வந்து இறங்கும்போ பிள்ளை தெலுங்குல்லா பேசிச்சாம்?”

“ரங்கூன்ல தெலுங்கு தெரியாத பிள்ளை உண்டா? நீங்ககூடத்தான் பேச்சுக்குப் பேச்சு மலையாளம் கலக்குதிய. உங்கள மலையாளத்தாள்னா சொல்லுகோம்?”

ஜஸ்டஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

லீலாபாய் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் தனக்கென்று அவள் ஆசைப்பட்ட ஒரே காரியம் அது.

யேசுதாசன் வேதப்புத்தகத்தை எடுத்து வந்து நேசபாயின் முன்னே வைத்தார். “ஜப்பான்காரன் குண்டுக்கும் வழிப்பறிக்காரன் கத்திக்கும் தப்பி, புருசனப் பொதைச்சிட்டு, பிள்ளையோட மலை தாண்டி வந்தவ எங்க வீட்டு மருமவ. வேற எவளாவது வந்திருப்பாளா? அவளே சொல்லட்டும். தொட்டுச் சொல்லு நேசபாய், இவ நீ பெத்த பிள்ளைன்னு.”

நேசபாய் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“சொல்லு.”

“இதத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டேன், அத்தான். பெத்த லீலாபாய் மலையிலதான் கிடக்கா. இவளுக்கு அவ பேர வெச்சேன்.”



ஜஸ்டஸ் மெல்ல எழுந்து துண்டைத் தோளில் போட்டார். அவர் கெட்டவர் அல்ல. “பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா நாளைக்கு ஓலையில தகப்பன் பேரு வாசிக்கணுமே. யாரு பேர வாசிக்கச் சொல்லட்டும்?”

அக்காளும் தம்பியும் வாசலில் இறங்கிப் போனார்கள்.

யேசுதாசன் லீலாபாய் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, அந்த வீட்டில் குரல் உயர்த்தும் வழக்கம் இல்லை.

“வழியில கிடந்த உன்னை எடுத்து, சோறு தந்து, என் தம்பி பேரும் தந்தா இவ. கல்யாணம் பேசினப்போ நீயாவது சொல்லியிருக்கலாம்லா? நன்றி இருந்தா சொல்லியிருப்பே. ஓலை வாசிச்சு, நாலு பேர் எழும்பித் தடை சொல்லியிருந்தா இந்தக் குடும்பத்துக்கு முகம் உண்டா?”

லீலாபாய் தலை குனிந்து நின்றாள்.

“பாவம்னு நீ எடுத்துட்டு வந்தது தர்மந்தான் நேசபாய்” என்றார் அவர். “தர்மத்துக்கும் ஒரு அளவு உண்டு. நாளைக்கு இவள மிஷன் விடுதியில கொண்டு விடு. நீ இந்த வீட்டு மருமவ. உனக்குச் சாகுற வரைக்கும் இங்க இடம் உண்டு. எடுத்துட்டு வந்ததுக்கு இல்ல.”

“சரி பெரியப்பா” என்றாள் லீலாபாய். “நான் போறேன். அம்மையை ஒண்ணும் சொல்லாண்டாம்.”

நேசபாய் எழுந்தாள். போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

“அத்தான், நான் ஒரு பிள்ளைய எடுத்துட்டு வந்தேன்னு அஞ்சுகிராமத்துக்காரன் சொல்லுகான். நீங்களும் சொல்லுகிய.”

“அம்மா, வேண்டாம்” என்று லீலாபாய் அவள் தோளைப் பிடித்தாள். “அதச் சொல்லாண்டாம்.”

“சொல்லணும் மக்கா. இவ்வளவு நாள் நீ வாய மூடி எனக்குப் பேரு வாங்கித் தந்தது போதும்.” நேசபாய் மைத்துனரை நேராகப் பார்த்தாள். “அது உள்ளதில்ல அத்தான். பெத்ததக் குழியில வெச்சுட்டு, இனி நடக்க மாட்டேன்னு மழையில படுத்தவ நான். வந்தவங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போனாங்க. தாயும் தகப்பனும் செத்து ஒத்தையா வந்த எட்டு வயசுப் பிள்ளை ஒண்ணுதான் நின்னுது. வாயில தண்ணி விட்டுது, முடியப் பிடிச்சு இழுத்து எழுப்பிச்சு, அழுது அழுது நடக்க வெச்சுது. வழியில கிடந்தது நான். எடுத்தது இவ.”