ஒரே கோட்டு

அவள் அந்தக் காதைத்தான் முதலில் பார்த்தாள்.

இடது காது. மடல் பாதி இல்லை.

விவரம் தெரிந்த நாளாக அவள் படத்தில் பார்த்துவரும் காது. தீபாவளிக்குத் தீபாவளி சந்தனம் வைத்துக் கும்பிடும் அப்பாவின் காது. இன்றைக்கு அது ஒரு கிழவரோடு மண்டபத்துக்குள் நடந்து வந்தது.

ரப்பர்த் தோட்டம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தாயிற்று. குடியிருந்த லயங்களை இடித்தாயிற்று. சிதறிப்போன சனம் கிள்ளான் நகரில் ஒன்றுகூடி, அவரவர் வீட்டுப் பழைய படங்களைச் சுவரில் மாட்டியிருந்தது.

ஒரே சிரிப்பு. படங்களில் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே கோட்டு. ஸ்டூடியோக்காரர் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். குள்ளனும் நெட்டையனும் அதற்குள் புகுந்து துரையாகி வந்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிறக்குமுன்னே மரம் விழுந்து அப்பா இறந்தார். பிரசவத்தில் அம்மாவும் போனாள். எடுத்து வளர்த்தவள் பின்னால் அந்தத் தோட்டத்துக்கு வந்தவள்; அப்பாவைப் பார்த்திராதவள். அப்பா முகத்தைக் காட்டு என்று பிள்ளை அழுத அழுகை தாங்காமல், ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிவந்ததுதான் அவள் இங்கே மாட்டியிருக்கும் படம்.

என்ன அடையாளம் சொல்லிக் கேட்டிருப்பாள்? கோட்டுப் போட்டிருப்பார் என்றுதான்.

கிழவர் ஒவ்வொரு படமாக நின்று நின்று வந்தார்.

படத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அவளுக்கு வேறு அப்பா இல்லை.

வந்துவிட்டார்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். படத்தின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தை ஒரு விரலால் தொட்டார்.

"யாரு மவ நீ?"

"சின்னக்கண்ணு மவ." படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது எங்கப்பா."

பெயர்ச்சீட்டு எழுதும் பெண் பேனாவோடு வந்தாள். "தாத்தா, இவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?"

கிழவர் தோள்துண்டை எடுத்து உதறினார். காதை மூடித் தலையில் கட்டிக்கொண்டார்.

"சின்னக்கண்ணு. எனக்குப் பக்கத்து நிரையில ரப்பர்ப் பால் வெட்டுனவன்," என்றார். "பேருக்கு முன்னால அமரர்னு போடும்மா."