தோட்ட ஆபீசுக்குள் மாடு

"மாடு மட்டும் வேணாம் அத்தை!" பார்த்திபன் கையெடுத்துக் கும்பிட்டான்.

வேப்பம்பட்டு வீட்டின் பின்பக்கம் அவன் கட்டிய தோட்ட ஆபீசுக்கு அன்று திறப்பு விழா. சுவர் முழுக்கக் கொடி, ஜன்னலெல்லாம் பூ, வாசல்வரை புல்தரை. தோட்டம் அமைத்துத் தருவதுதான் அவனுடைய புதுத் தொழில். முதல் ஆர்டர் தருவதற்காக, தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வைத்திருக்கும் ரங்கசாமியும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாப்ள, மாடு நுழையாத எடத்துல தொழில் விளங்குமா?" மாமியார் செங்கம்மாள் மாட்டோடு வாசலிலேயே நின்றாள்.

"எல்லாத்தையும் மேஞ்சிடும் அத்தை! பிள்ளை மாதிரி வளத்துக்கினு வரேன்."

"இந்த வெயில்ல ஒரு இலைகூட வாடலையே, எப்படி தம்பி?" என்று வியந்தார் ரங்கசாமி.

"எல்லாம் கைராசி சார்."

"நல்ல காரியம், தடுக்காதீங்க. நாலு இலை போனா போவுது!" என்றார் ரங்கசாமி.

முதல் ஆர்டர்காரர் பேச்சை எப்படித் தட்டுவது? வழிவிட்டான்.

காலையிலிருந்து பட்டினி கிடந்த மாடு நேராகக் கொடியில் வாய் வைத்தது. பார்த்திபன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

மாடு மென்று பார்த்தது. துப்பியது. புல்தரையை முகர்ந்தது. பூவை நக்கியது. பிறகு விறுவிறுவென்று வெளியே போய், திறப்பு விழாவுக்குக் கட்டியிருந்த வாழைமரத்தை ஆசை ஆசையாய்த் தின்ன ஆரம்பித்தது.

துப்பிய இலையை ரங்கசாமி எடுத்துச் சுண்டிப் பார்த்தார். 'டக்' என்றது.

செங்கம்மாள் அப்பாவியாய்க் கேட்டாள்:

"பிளாஸ்டிக்குக்கு எரு இன்னா மாப்ள போட்டீங்க?"