அடுத்தது வரட்டும்

"இப்பப் போய் கிராபிக்ஸ் கார்டு வாங்கறவன் ஏமாளி" என்றான் கணவன், சோபாவில் படுத்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த மாடல் வர்ற மாசம் அறிவிக்கப் போறாங்களாம். நினைவகம் ரெண்டு மடங்காம். இன்னைக்குக் கசிஞ்ச செய்தி."

மனைவியின் முன்னால் திரையில் ஒரு வீட்டின் கூடம் பாதி திரும்பி, அப்படியே நின்றிருந்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கணினியில் கட்டி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல் காட்டுவது அவள் தொழில். இன்றைக்கு இருந்த வேகத்துக்கு, நிஜ வீட்டையே கட்டி முடித்து நடந்து பார்த்துவிடலாம்.

"நாளைக்குக் காலையில பில்டர் முன்னாடி இதை ஓட்டிக் காட்டணும். போன தடவை கதவு திறக்கறதுக்குள்ள அவர் ரெண்டு போன் பேசி முடிச்சிட்டார்" என்றாள். "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா அவரோட அடுக்குமாடி வேலை மொத்தமும் கைவிட்டுப் போயிடும். நான் மறுபடியும் பழைய கம்பெனி வாசல்ல போய் நிக்கணும்."

"ஒரே ஒரு மாசம்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"போன வருஷம் வந்தது சூடாகுதுன்னு பேச்சு. நான் தடுக்கலேன்னா வாங்கி மாட்டிக்கிட்டிருப்போம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அது பேருக்குத்தான் புதுசு. உள்ள எல்லாம் பழைய சரக்கு."

அலுவலகத்தில் அவனுக்கு 'ஜோசியர்' என்று பெயர். வெளிவராத கார்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எவ்வளவு மின்சாரம் குடிக்கும், எத்தனை விசிறி, எப்போது விலை இறங்கும், எல்லாம் விரல் நுனியில். கார்டு கடைக்கு வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு அதில் ஆர்வம் போய்விடும்.

"நாம கிழவன் கிழவி ஆனப்புறம் ஒரு நல்ல கார்டு வரும். அப்ப வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்" என்றாள்.

"உன் அவசரம் புரியுது. அதுக்காக நம்ம கார்டைக் குறை சொல்லாதே. நாலு வருஷத்துக்கு முன்னாடி அதுதான் ராஜா. என் கையால மாட்டினது, இன்னை வரைக்கும் வேற ஒருத்தரைத் தொட விட்டதில்ல. அது உள்ள இருக்கறதாலதான் படம் இந்த அளவாவது நகருது."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மவுஸை மேசையில் ஓங்கி வைத்தாள். ஓரமாகக் கிடந்த சின்னத் திருகு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. நாற்காலியும் கழன்றுகொண்டு வருகிறது போல என்று முணுமுணுத்தபடி அதை எடுத்துப் பேனா டப்பாவில் போட்டாள்.

"உங்களை நம்பிப் பிரயோஜனமில்லன்னுதான் தம்பிகிட்ட சாவியைக் குடுத்து, நாம இல்லாதப்ப வந்து பாருடான்னு சொன்னேன். 'பாத்தாச்சு, அப்புறம் பேசறேன்'னு காலையில ஒரு மெசேஜ். அத்தோட ஆளைக் காணோம். எனக்குன்னு வாய்ச்சது எல்லாமே இப்படித்தான்!"

"அவனா?" ஜோசியர் சிரித்தான். "அவனுக்கு என்ன தெரியும்? அடுத்து வர்ற மாடல் பேரைக் கேளு, திருதிருன்னு முழிப்பான்."

அந்த நேரம் பார்த்துத் தம்பியே கூப்பிட்டான். மவுஸிலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உங்க கார்டை நல்லா ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு குறையும் இல்ல. நீ எனக்கு அனுப்பிச்ச அந்த வீட்டுப் படத்தைப் போட்டேன், சும்மா பறக்குது!"

"எங்கடா பறக்குது? என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. அரை மணி நேரமா கூடத்தைத் தாண்ட முடியல."

கணவன் எழுந்து உட்கார்ந்தான். "டேய், எங்க வீட்டுக் கார்டை நீ எங்கடா ஓட்டிப் பாத்தே?"

"எங்க வீட்லதான் மாமா. காலையிலயே கழட்டி எடுத்துட்டு வந்துட்டேனே! இப்ப என் மெஷின்லதான் மாட்டியிருக்கு."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். கார்டு இல்லாத அந்தக் கணினியில், கூடம் வழக்கம்போல இன்னும் கொஞ்சம் திரும்பியது.

கணவன் கையிலிருந்த போன் நழுவிச் சோபாவில் விழுந்தது. மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி அவனையே பார்த்தாள்.

ஸ்பீக்கரில் தம்பி ஒன்றும் அறியாமல் கேட்டான்: "ஆமா மாமா, மானிட்டர் வயரைக் கார்டுல சொருகாம பக்கத்து ஓட்டையில சொருகியிருந்தீங்களே, கார்டுல வயர் சொருகற இடத்துல அந்தக் கறுப்பு மூடியை நாலு வருஷமா ஏன் எடுக்கவே இல்ல?"